பத்துப் பேர் பட்டியலில் பந்து வீசியவர் எங்கே?



மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது ஆசிரியருக்குக் கோபம் வருவது புதிதன்று. ஒற்றுப்பிழை கண்டு வரும் கோபம் ஒருவகை. மனப்பாடம் செய்த முன்னுரையைக் கண்டு வரும் கோபம் வேறொரு வகை. ஆனால், பிழையே இல்லாத ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு நான் கோபம் கொண்டது இதுவே முதன்முறை.

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி அளித்திருந்தேன். தமக்குப் பிடித்த துறை ஒன்றில் தலைசிறந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, அவ்வரிசைக்குக் காரணம் கூற வேண்டும். பெரும்பாலோர் பாடகர்களையும் காற்பந்து வீரர்களையும் எழுதினர். ஒரு மாணவன் மட்டும் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டான். டெண்டுல்கர், கோலி, பிராட்மன், லாரா, ரிச்சர்ட்ஸ், சோபர்ஸ், தோனி, பாண்டிங், சங்கக்கார, டிவில்லியர்ஸ் என்று பத்துப் பெயர்கள். பத்துப் பேருக்கும் காரணம் ஒன்றே: 'இவர் மிகுதியான ஓட்டங்களைக் குவித்தார்'. சோபர்ஸ் 235 டெஸ்ட் விக்கெட்டுகளையும் எடுத்தவர் என்பது கூட அந்தக் கட்டுரையில் இல்லை. பந்து வீசுபவர் என்று ஒருவர் இவ்வுலகில் பிறந்ததற்கான தடயமே அதில் இல்லை.

அந்த வார இறுதியில் புக்கிட் மேரா வியூ உணவங்காடியில் அந்த மாணவனின் தந்தையைக் காண நேர்ந்தது. கோப்பி வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். நான் என் மனக்குறையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கென்ன ஐயா, பந்து வீசுறவங்களுக்குத் தனியா ஒரு பட்டியல் போட்டுடலாமே!" என்றார்.

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆயினும் அந்த ஒரு சொற்றொடர்தான் இதனை எழுத வைத்தது. விருந்தில் ஒருவருக்கு இலை போடாமல் விட்டதைச் சுட்டிக்காட்டினால், 'அவருக்கு அடுக்களையில் தனியாகப் போட்டுவிடலாம்' என்று சொல்வதைப் போன்றது அது.

பாடாங் திடலில் கண்டது

கிரிக்கெட்டில் ஈடுபாடில்லாத ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஓர் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தில் ஓர் அணி எத்தனை நூறு ஓட்டங்கள் எடுத்தாலும், எதிரணியை இரண்டு முறை ஆட்டமிழக்கச் செய்தாலன்றிப் பொதுவாக வெல்ல இயலாது. அதாவது இருபது விக்கெட்டுகள் வேண்டும். ஓட்டங்கள் தோல்வியைத் தவிர்க்கும்; வெற்றியைத் தருவது விக்கெட்டுகளே. இந்த எளிய கணக்கை மறந்த பட்டியல்களே எங்கும் மலிந்து கிடக்கின்றன.

மறப்பது எப்படி நிகழ்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1996 ஏப்ரலில் பாடாங் திடலில் சிங்கர் கிண்ணப் போட்டி நடைபெற்றது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று அணிகள் ஆடின. சில வாரங்களுக்கு முன்புதான் உலகக் கிண்ணத்தை வென்றிருந்த இலங்கை அணியைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் அடியேனும் ஒருவன். ஏப்ரல் 2ஆம் நாள் ஜயசூரிய 48 பந்துகளில் நூறு ஓட்டங்கள் அடித்து, ஒருநாள் ஆட்டங்களில் அதுவரை எவரும் எட்டாத வேகத்தை எட்டினார். ஏப்ரல் 7ஆம் நாள் இறுதியாட்டத்தில் 17 பந்துகளில் ஐம்பது! இந்தச் சாதனையை முறியடிக்க 2015இல் டிவில்லியர்ஸ் வர வேண்டியிருந்தது. முதல் விக்கெட்டுக்குச் சேர்ந்த 70 ஓட்டங்களில் மறுமுனையில் நின்ற களுவிதாரணவின் பங்கு சுழியம் என்பதை இன்றும் நம் சிங்கப்பூர் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

சரி, அந்த இறுதியாட்டத்தில் வென்றது யார்? இந்தக் கேள்வியைப் பல நண்பர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் தயங்காமல் 'இலங்கை' என்பார்கள். வென்றது பாகிஸ்தான். 216 என்ற எளிய இலக்கைத் துரத்திய இலங்கை, 70 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட் என்ற நிலையிலிருந்து 172க்குள் சுருண்டு, 43 ஓட்டங்களில் தோற்றது. அடுத்த 102 ஓட்டங்களுக்குள் ஒன்பது விக்கெட்டுகளைச் சாய்த்துக் கிண்ணத்தை வாங்கித் தந்த பந்துவீச்சாளர்களின் பெயரை ஒருவரேனும் சொல்லக் கேட்டதில்லை. 28 பந்துகளில் 76 ஓட்டங்கள் எடுத்துத் தோற்றவர் நினைவில் நிற்கிறார், வென்றவர்கள் மறைந்துவிட்டார்கள்.

நம் கண் ஓங்கிய மட்டையைப் பார்க்கப் பழகியிருக்கிறது. வானத்தில் எழும் பந்தை எல்லாரும் காண்பர். விரலிடுக்கில் திரும்பும் பந்தைக் காணப் பயிற்சி வேண்டும். சிறுவன் ஒருவன் காணத் தவறினால் அது குற்றமன்று. தரவரிசை வகுக்கும் பெரியோர்கள் தவறினால்?

பெரியோர்களும் தவறினார்கள்

2000ஆம் ஆண்டில் விஸ்டன் ஆண்டுமலர், நூற்றாண்டின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. நூறு பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் ஐந்து பெயர் கூற வேண்டும். பிராட்மன் 100 வாக்குகள், சோபர்ஸ் 90, ஹாப்ஸ் 30, வார்ன் 27, ரிச்சர்ட்ஸ் 25. மூவர் மட்டையாளர், ஒருவர் எல்லாத் துறையிலும் வல்லவர், பந்துவீச்சை மட்டுமே நம்பி வந்தவர் வார்ன் ஒருவர்தாம். நூறாண்டு ஆட்டத்தில், வெற்றியைத் தரும் கலைக்கு ஐந்தில் ஓரிடம்!

விஸ்டன் எண்களை மட்டும் கொண்டு கணக்கிட்டபோது விளைவு வேறாக இருந்தது. 2001இல் அது வெளியிட்ட சிறந்த நூறு டெஸ்ட் ஆட்டங்களின் பட்டியலில் டெண்டுல்கரின் ஆட்டம் ஒன்றுகூட இடம்பெறவில்லை. இந்தியாவில் எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு, 2002இல், அதே விஸ்டன் டெஸ்ட் பந்துவீச்சாளர்களுள் முதலிடத்தை முத்தையா முரளிதரனுக்கு அளித்தது. முன்னதற்கு எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்கு மகிழ்ச்சியாவது பின்னதற்கு எழுந்ததா? நான் கேட்டவரையில் இல்லை.

தந்தையார் கூறிய தனிப்பட்டியல் யோசனைக்கு வருகிறேன். அது அமெரிக்காவில் செய்து பார்க்கப்பட்ட ஒன்று. நம் கிரிக்கெட்டுக்கு உறவினரான பேஸ்பாலில், ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பந்து எறிபவர்களுக்கு உரிய அளவில் கிடைப்பதில்லை என்ற குறை இருந்தது. எனவே 1956இல் சை யங் என்ற பழம்பெரும் எறிவாளரின் பெயரால் அவர்களுக்கென்றே ஒரு விருதை நிறுவினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த முதலாண்டில் சை யங் விருதைப் பெற்ற டான் நியூகோம்பே தம் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றுவிட்டார். தகுதியுள்ளவர் பொதுப் பந்தியிலேயே அமர முடியும் என்பதை முதலாண்டே மெய்ப்பித்துக் காட்டினார். ஆயினும் தனிவிருது வந்தபின், 'அவர்களுக்குத்தான் வேறு விருது இருக்கிறதே' என்று சொல்லிப் பொதுவிருதை மறுப்பவர்களும் தோன்றினார்கள். தனிப்பட்டியலின் ஆபத்து இதுதான். அது தொடக்கத்தில் மரியாதை போலத் தெரியும், நாளடைவில் வேலியாகிவிடும்.

என் அளவுகோல்கள் நான்கு

குறை சொல்லிவிட்டு நகர்வது ஆசிரியர்க்கு அழகன்று. கட்டுரை திருத்துமுன் மதிப்பெண் பங்கீட்டை அறிவிப்பதுபோல் என் அளவுகோல்களை முதலில் வைத்துவிடுகிறேன்.

ஒன்று: தம் காலத்து மற்றவர்களைவிட அவர் எவ்வளவு உயர்ந்து நின்றார்?
இரண்டு: தம் அணியின் வெற்றிக்கு அவர் எவ்வளவு காரணமாக இருந்தார்?
மூன்று: எத்தனை ஆண்டுகள், எத்தனை நாடுகளில், எத்தனை வகை ஆடுகளங்களில் அதைச் செய்தார்?
நான்கு: ஆட்டத்திற்குப் புதிதாக எதைச் சேர்த்தார்?

முதலாவது அளவுகோல் நம் ஊர்ப் பெற்றோருக்கு எளிதில் விளங்கும். 2020 வரை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் இருந்த 'டி-ஸ்கோர்' முறையை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்பது மட்டுமன்று, மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட எங்கே நின்றது என்பதே அதன் உயிர். குழந்தைகளுக்கு அது தீங்கானது என்று கைவிட்டோம், சரியே. ஆனால், வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிட அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவுகோலின்படி பிராட்மன் முதலிடம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 52 டெஸ்ட் ஆட்டங்கள், சராசரி 99.94. பெருமட்டையாளர்களின் சராசரி ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்க, அவர் மட்டும் நூறைத் தொட்டு நின்றார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய இரு நாடுகளில் மட்டுமே அவர் டெஸ்ட் ஆடினார் என்பதால் மூன்றாவது அளவுகோலில் சில மதிப்பெண்கள் குறையும். குறைத்தாலும் அவரே முதல்வர்.

சண்டை அவருக்குக் கீழேதான் தொடங்குகிறது.

முரளிதரன் வழக்கு

என் பட்டியலில் முரளிதரனுக்கு மூன்றாம் இடம். இதைச் சொன்னதும் இரு திசையிலிருந்தும் அடி விழும் என்பதை அறிவேன். முதலில் எண்கள்.

1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். ஆட்டம் ஒன்றுக்கு ஆறு. இருபதில் ஆறு! சராசரி 22.72. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தது 67 முறை. ஓர் ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தது 22 முறை. அவருக்கு நிகராகப் பேசப்படும் வார்ன் 145 ஆட்டங்களில் 708 விக்கெட்டுகள், சராசரி 25.41, ஐந்து விக்கெட் 37 முறை, பத்து விக்கெட் 10 முறை.

இரண்டாவது அளவுகோல் இன்னும் முக்கியமானது. இலங்கை 1982இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியது. முரளிதரன் 1992 ஆகஸ்டில் அணிக்குள் வரும்வரை பத்தாண்டுகளில் அது வென்ற டெஸ்ட் ஆட்டங்கள் இரண்டே இரண்டு: 1985இல் இந்தியாவுக்கு எதிராக ஒன்று, 1986இல் பாகிஸ்தானுக்கு எதிராக ஒன்று. அவர் ஆடிய காலத்தில் அவர் பங்கேற்று வென்றவை 54. அந்த வெற்றிகளில் மட்டும் அவர் எடுத்தவை 438 விக்கெட்டுகள். வார்னுக்கு மறுமுனையில் 563 விக்கெட்டுகள் எடுத்த மெக்ரா இருந்தார். முரளிக்குத் துணைநின்ற வாஸ் நல்ல பந்துவீச்சாளரே. 355 விக்கெட்டுகள் எடுத்தவர். ஆயினும் வாஸ் ஓய்ந்த பொழுதெல்லாம் சுமை ஒரே தோளில்தான் இறங்கியது.

1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்து முதலில் 445 ஓட்டங்கள் எடுத்தது, இலங்கை 591. மட்டையாளருக்கு மலர்ப்படுக்கை போன்ற ஆடுகளம். அதே ஆடுகளத்தில் முரளிதரன் முதலில் ஏழு, பின்னர் ஒன்பது, ஆக 16 விக்கெட்டுகளை 220 ஓட்டங்களுக்கு எடுத்தார். வீசிய ஓவர்கள் நூற்றுப் பதின்மூன்றுக்கும் மேல்! இரண்டாவது இன்னிங்ஸில் பத்தாவது விக்கெட்டும் அவருக்குக் கிட்டாமல் போனதற்குக் காரணம், ஒருவர் ஓட்டத்தில் ஆட்டமிழந்தது. 'சுழற்பந்தாளருக்கு ஆடுகளம்தான் விக்கெட் எடுத்துத் தருகிறது' என்று சொல்லும் நண்பர்கள் இந்த ஆட்டத்துக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

நான்காவது அளவுகோல் குறித்து ஒரு சொல். விரலால் சுழற்றுவதே வழக்கமாக இருந்த ஆஃப்-ஸ்பின் கலையை மணிக்கட்டால் சுழற்றும் கலையாக மாற்றியவர் அவர். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்தாக் கொண்டுவந்த தூஸ்ராவைத் தாமும் கற்று, பேட்டை எந்தப் பக்கம் நீட்டுவது என்று மட்டையாளரைத் திகைக்க வைத்தவர்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: 'ஜிம்பாப்வே, பங்களாதேஷ் ஆகிய எளிய அணிகளுக்கு எதிராக எடுத்த விக்கெட்டுகள் அவை.' 800இல் 176 விக்கெட்டுகள் அவ்விரு அணிகளிடம் எடுத்தவை என்பது உண்மை. கழித்துவிடுவோம். எஞ்சிய 108 ஆட்டங்களில் 624 விக்கெட்டுகள். ஆட்டம் ஒன்றுக்கு 5.78, சராசரி 25க்குச் சற்றுக் கீழே. வார்னுக்கும் அதே கழித்தலைச் செய்தால் 142 ஆட்டங்களில் 691. ஆட்டம் ஒன்றுக்கு 4.87. கழித்த பிறகும் முரளியே முன்னிற்கிறார்.

இரண்டாம் மறுப்பு: 'சொந்த ஊர்ப் புலி.' இதற்கு வலு உண்டு. 493 விக்கெட்டுகள் இலங்கை மண்ணில் எடுத்தவை. ஆஸ்திரேலிய மண்ணில் 5 ஆட்டங்களில் 12 விக்கெட்டுகளே. சராசரி 75ஐத் தாண்டுகிறது. இந்திய மண்ணில் 11 ஆட்டங்களில் 40 விக்கெட்டுகள், சராசரி 45. ஆஸ்திரேலியத் தோல்வியை நான் மறைக்க விரும்பவில்லை. சோபர்ஸுக்குக் கீழே அவரை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வார்ன் இந்திய மண்ணில் என்ன செய்தார்? 9 ஆட்டங்களில் 34 விக்கெட்டுகள், சராசரி 43. இதைச் சொல்லி எவரும் வார்னைப் பட்டியலிலிருந்து நீக்கியதாக நான் அறியேன். ஒருவருக்குக் குற்றமாவது மற்றவருக்குச் சறுக்கலாகிவிடுகிறது.

மூன்றாம் மறுப்பு: 'அவர் வீசவில்லை, எறிந்தார்.' இதுவே மிகக் கசப்பானது. 1995 டிசம்பர் 26ஆம் நாள், மெல்பர்ன் திடலில் ஐம்பத்தையாயிரம் பேர் முன்னிலையில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழு முறை 'நோ-பால்' என்று அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மீண்டும் அறிவிக்க, ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. ஆய்வுக்கூடத்துக்கு வா என்றபோதெல்லாம் போனார். கம்பிகளையும் ஒளிக்குறிகளையும் உடலில் ஒட்டிக்கொண்டு வீசிக் காட்டினார். அத்தகைய ஆய்வுகள் விரிந்தபோது தெரியவந்தது என்ன? விதிப்படி முழங்கையே நிமிரவில்லை என்று நம்பப்பட்ட பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் கையும் ஓரளவு நிமிர்கிறது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படவில்லை, அவ்வளவே. அதன் பின்னரே 2005இல் எல்லா வகைப் பந்துவீச்சுக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பு வந்தது. 'அவருக்காக விதியை வளைத்தார்கள்' என்பர் சிலர். வேகப்பந்தாளருக்கு 10 பாகையும் சுழற்பந்தாளருக்கு 5 பாகையும் என்று வைத்திருந்த பழைய வரம்பு எந்த அறிவியலின்படி நேர்மையானது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

தமிழர் என்பதால் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுச் சண்டை.

என் வகுப்பில் இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவி, "அவர் தமிழர்தானே ஐயா, முதல் இடத்துலயே போடுங்க" என்றாள். பின்வரிசையிலிருந்து வேறொருவன், "அவர் பேரை எங்க வீட்டுல சொல்லவே கூடாது" என்றான். அவன் குடும்பத்தின் வேர் எங்கே, அது இழந்தது என்ன என்பதை நான் அறிவேன். ஆகையால் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

2020 அக்டோபரில் முரளிதரன் வாழ்க்கையைச் சொல்லும் '800' திரைப்படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக நேர்ந்ததையும், பின்னர் மதுர் மிட்டல் நடிப்பில் 2023இல் அப்படம் வெளிவந்ததையும் அனைவரும் அறிவோம். முரளிதரனின் அரசியல் பேச்சுகள் பலரைப் புண்படுத்தின. அவரைக் கொண்டாட மறுக்கும் உரிமை புண்பட்டவர்க்கு உண்டு. அவர் படத்தை வீட்டில் மாட்டாதிருக்கலாம். அவரைப் பற்றிய திரைப்படத்தைப் பார்க்காதிருக்கலாம். ஆனால் 800 என்ற எண்ணை 500 ஆக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தரவரிசை என்பது மாலை போடுவது அன்று, அளந்து சொல்வது. துலாக்கோலைப் பிடித்தவன் தன் விரலைத் தட்டில் வைக்கலாகாது. அன்பால் வைத்தாலும் அது கள்ளநிறையே, வெறுப்பால் வைத்தாலும் கள்ளநிறையே.

மலையகத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து சென்ற ஒரு தமிழரின் பேரன், கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவரின் மகன், இத்தனை உயரம் ஏறினார் என்பதில் எனக்கும் மனம் நெகிழத்தான் செய்கிறது. அந்த நெகிழ்ச்சியை என் நாட்குறிப்பில் வைத்துக்கொள்கிறேன், பட்டியலில் வைக்கமாட்டேன். வைப்பதாயின் சென்னையின் அஸ்வினையும் பத்துக்குள் கொண்டுவந்திருப்பேன். 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள், சராசரி சரியாக 24, ஆறு சதங்கள், தொடர்நாயகன் விருது 11 முறை. 2023இல் இலண்டனில் நடந்த உலக டெஸ்ட் இறுதியாட்டத்தில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அந்தப் பந்துவீச்சாளரையே அணியில் சேர்க்காமல் விட்டார்கள்! பந்துவீச்சாளர் பட்ட அவமதிப்புகளுக்கு அதுவும் ஒரு சான்று. எனினும் அவர் விக்கெட்டுகளில் பெரும்பங்கு இந்திய மண்ணில் எடுத்தவை. ஆகவே என் அளவுகோலில் பத்துக்கு வெளியே, சற்று அருகில் நிற்கிறார். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

என் பட்டியல்

1. பிராட்மன். காரணம் மேலே கூறினேன்.
2. சோபர்ஸ். 8,032 ஓட்டங்கள், சராசரி 57.78, வேகமும் சுழலும் வீசி 235 விக்கெட்டுகள். ஓர் இடத்தில் இரண்டு ஆட்டக்காரர்.
3. முரளிதரன்.
4. சிட்னி பார்ன்ஸ். 27 ஆட்டங்களில் 189 விக்கெட்டுகள், சராசரி 16.43. 1913-14இல் தென்னாப்பிரிக்காவில் நான்கே டெஸ்டுகளில் எடுத்த 49 விக்கெட்டுகளை ஒரு தொடரில் எவரும் இன்னும் தாண்டவில்லை. ஆடிய ஆட்டங்கள் குறைவு என்பதால் நான்காமிடம்.
5. டெண்டுல்கர். 200 ஆட்டங்கள், 15,921 ஓட்டங்கள். மூன்றாவது அளவுகோலுக்கென்றே பிறந்தவர்.
6. வார்ன். அழிந்துகொண்டிருந்த லெக்-ஸ்பின் கலைக்கு உயிரூட்டியவர். 2022இல் அவர் மறைந்த செய்தி கேட்டு, எதிர்க்கட்சி வழக்கறிஞனாகிய நானும் கலங்கினேன்.
7. மால்கம் மார்ஷல். 376 விக்கெட்டுகள், சராசரி 20.94.
8. ரிச்சர்ட்ஸ். தலைக்கவசமின்றி வேகப்பந்தை எதிர்கொண்டு 8,540 ஓட்டங்கள்.
9. இம்ரான் கான். 362 விக்கெட்டுகளும் 3,807 ஓட்டங்களும்.
10. ரிச்சர்ட் ஹாட்லி. 86 ஆட்டங்களில் 431 விக்கெட்டுகள். டெஸ்டில் நானூறை முதலில் தொட்டவர்.

மூன்று மட்டையாளர், நான்கு பந்துவீச்சாளர், இரண்டும் வல்லவர் மூவர். ஹாப்ஸ் இல்லையே, லாரா இல்லையே, கோலி இல்லையே என்பீர்கள். இல்லைதான். இருபது விக்கெட்டுகளே வெற்றி என்று தொடங்கியவன் இந்த முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். பும்ரா இன்னும் ஆடிக்கொண்டிருப்பதால் சேர்க்கவில்லை. 2024 டிசம்பரில், இருபதுக்கும் குறைந்த சராசரியோடு இருநூறு விக்கெட்டுகளைக் கடந்த முதல் மனிதர் அவர். நீடித்து நின்றால் இந்தப் பட்டியலில் ஒருவர் இடம் பெயர வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

2019 முதல் நம் பள்ளிகளின் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது என்ற இடம் இல்லை. நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். குழந்தைகளை வரிசையில் நிறுத்துவதை விட்டோம்; ஆனால் வரிசைப்படுத்தும் திறனையே அவர்களுக்குக் கற்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. எது சிறந்தது, எதனால் சிறந்தது, எந்த அளவுகோலால் சிறந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, கைப்பேசியில் வரும் ஏதோவொரு பட்டியலை அப்படியே விழுங்கிவிடும். இன்று ஆட்டக்காரர் பட்டியல். நாளை படிப்பு, வேலை, தலைவர்.

நம் பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் வாதிடுகிறார்கள். தமிழ் என்றால் பண்டிகை, பாட்டி, பண்பாடு என்று ஒதுக்கிவிட்டோம். சராசரி, ஒப்பீடு, சான்று, மறுப்பு ஆகியவற்றைத் தமிழில் பேச அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த ஆட்டமே அந்த இடமாகட்டுமே! இரவு உணவின்போது, 'உன் பட்டியலில் மூன்றாமவர் ஏன் நான்காமவருக்கு மேலே?' என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். பத்து வாய்மொழித் தேர்வுப் பயிற்சித்தாள்கள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்யும்.

அந்த மாணவனிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, அளவுகோலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பெயர்களை எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். இம்முறை பத்தில் மூன்று பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். முரளிதரனுக்கு ஒன்பதாம் இடமே கொடுத்திருந்தான். காரணம்: 'உலகின் வலிமையான அணியை அதன் சொந்த மண்ணில் அவரால் வெல்ல முடியவில்லை, அங்கே அவரது சராசரி 75. ஆசிரியர் இதை எளிதாகக் கடந்துவிட்டார்.'

இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. திருத்திவிட்டு, முந்தையதைவிட ஆறு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தேன்.

அவன் சொன்னதை நான் ஏற்கவில்லை. முரளிதரன் மூன்றாமவரே. ஆனால் இனி இந்தச் சண்டையை அவனோடு தமிழில் போட முடியும். மறுக்க விரும்பும் அன்பர்கள் தங்கள் பட்டியலை அனுப்புக. அளவுகோலை மேலே எழுதிவிட்டு அனுப்புக.